கிளம்புகிறவர்களுக்குக் கொழுக்கட்டை

அந்தப் பின்னலைப் பார்த்த நிமிஷத்திலிருந்து லான்யிங்குக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாதாரணப் பின்னலா அது? மீன்முள் மாதிரி இரண்டு பக்கமும் மெல்லிசாக முடி எடுத்து, நடுவில் கோத்து, நுனியில் மஞ்சள் நூல் சுற்றி, பட்டணத்துக் கடைப் பொம்மைக்குப் போட்டது போல ஒரு பின்னல். அது கலையக் கூடாதென்று எட்டு வயது நிங்நிங் குப்புறப் படுத்துத் தூங்கினாள். பெற்றவள் சீப்போடு கிட்டே போனால் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"வேணாம். ஷென் டீச்சர் போட்டது. நீங்க தொட்டா கலைஞ்சிடும்."

நீங்களாம்! பெற்ற தாயிடம் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போலப் பேச்சு. அப்பனை 'வா, போ' என்கிறாள், ஆட்டுக்குட்டியிடம் ஊர்க்கதையெல்லாம் சொல்கிறாள். அம்மாவுக்கு மட்டும் மரியாதை. இந்த மரியாதைக்கு நாலு அடி அடித்திருந்தாலும் பரவாயில்லை என்று லான்யிங்குக்கு இருந்தது.

லான்யிங் கிழக்கே கடலோர ஊர் ஒன்றில் காலுறை ஆலையில் வேலை செய்கிறாள். புருஷன் மான்சாங் லான்ஜோவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டான். அதிலிருந்து அவன் மலைமேல் வீட்டில் உருளைக்கிழங்கையும் ஆடுகளையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறான், அவள் சம்பாதிக்கிறாள். இரண்டு புத்தாண்டுக்கு ஊருக்கு வர முடியவில்லை. இந்தக் கோடையில் ஆலைக்கு ஆர்டர் குறைந்து லீவு கொடுத்தார்கள். நாள் முழுக்க ரயிலில் நின்றும் உட்கார்ந்தும், வேனில் நசுங்கியும் வந்து இறங்கினாள். பிள்ளை பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் என்று ஏறிய இடத்திலிருந்து நினைத்துக்கொண்டே வந்தாள். பிள்ளையோ பள்ளிக்கூட முற்றத்தில் யாரோ ஒருத்தி கையில் தொங்கிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தது. "வாங்க" என்றது. திரும்பவும் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

வாங்கி வந்த செருப்பு வேறு கழுத்தறுத்தது. ஆலை வாசலில் வியாபாரியிடம் மல்லுக்கட்டி வாங்கிய ரோஜா நிறச் செருப்பு. பிள்ளை போட்டுப் பார்த்தால் குதிகால் பாதி வெளியே நிற்கிறது. லான்யிங்கின் மனசில் இருந்த கால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய கால். "பரவாயில்லீங்க, குய்ஹுவா பெரியம்மா வீட்டுப் பாப்பாவுக்குக் குடுத்துடலாம்" என்று நிங்நிங் பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஷென் டீச்சர் உண்மையில் டீச்சரே இல்லை. நிங்போவில் கல்லூரியில் படிக்கிற இருபது வயதுப் பெண். கோடை விடுமுறைக்கு நாலு பேராகச் சேர்ந்து, ஏழை மலையூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று கிளம்பி வந்திருந்தார்கள். பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை, மண் அடுப்பில் கருகிய சோறு, பகலெல்லாம் பாட்டு, படம், டான்ஸ். லான்யிங் வேலை பார்க்கும் ஊரிலிருந்து நிங்போ பஸ்ஸில் போகிற தூரம்தான். அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தன் பிள்ளையை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து ஜனங்களின் காலுக்கு உறை பின்னப் போனாளாம், அந்தப் பக்கத்துப் பெண் வந்து அவள் பிள்ளைக்குத் தலை பின்னிவிடுகிறதாம். நல்ல கொடுக்கல் வாங்கல்!

குறை சொல்லலாம் என்றாலும் வழியில்லை. மழைத் தண்ணீரைக் கிணற்றில் சேர்த்து வருஷம் முழுக்கக் குடிக்கிற ஊர் இது. பட்டணத்துக்காரிகள் தலைக்குக் குளித்தே ஊரைக் காயப்போடுவார்கள், அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று லான்யிங் காத்திருந்தாள். அந்தப் பெண் ஒரு கிண்ணத் தண்ணீரில் முகம் கழுவி, அதிலேயே கால் கழுவி, மிச்சத்தைக் கத்தரிச் செடிக்கு ஊற்றியது. பார்த்தபோது லான்யிங்குக்கு அழுகையே வந்துவிட்டது.

"தங்கமான பொண்ணு" என்றான் மான்சாங், சுவரில் சாய்ந்து உருளைக்கிழங்குத் தோலை உரித்தபடி. "நம்ம பாப்பா இப்ப எப்படிச் சிரிக்குது பாத்தியா? போன வருஷமெல்லாம் வாயே தொறக்காது."

"அப்ப அவளையே கட்டியிருக்கலாமே."

"இந்த இடுப்புக்கா?" என்று அவன் சிரித்தான். லான்யிங் சிரிக்கவில்லை.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற அடுத்த வீட்டு குய்ஹுவா இருந்தாள். அவள் வேலியோரம் வந்து நின்றால் ஊர்ச் செய்தி எல்லாம் வந்தாயிற்று என்று அர்த்தம்.

"ஏ லான்யிங்கு, உனக்குச் சேதி தெரியுமா? நேத்து மத்தியானம் உம்மக டீச்சர் மடியில படுத்துத் தூங்கிச்சாம். தூக்கத்துல 'அம்மா, அம்மா'ன்னுச்சாம். நான் சொல்லல, எம்மக சொன்னா."

"சொன்னா சொல்லட்டும்."

"அதுக்கில்லடி. ஊட்டி வளக்குறவதானே அம்மா. நீ பாவம், தூரத்துல கெடக்கே."

லான்யிங் துடைப்பத்தை எடுத்துச் சுத்தமாக இருந்த முற்றத்தை இன்னொரு தடவை பெருக்கினாள். தூசி குய்ஹுவா மேல் போகிற மாதிரிப் பெருக்கினாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய்த் தைத்துவிட்டது. கிளம்புவதற்குள் இந்தப் பிள்ளை ஒரே ஒரு தடவை தானாக வந்து தன்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதுகூட நடக்காவிட்டால் கண் சிவக்க மெஷின் முன்னால் நிற்பது யாருக்காக?

கிளம்பும் நாளும் முடிவாகியிருந்தது. ரயில் டிக்கெட் மேல்சட்டையின் உள்பையில் இருந்தது, அடுத்த செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்களை வழியனுப்பும் விழாவும் அன்றைக்குத்தான். நிங்நிங்குக்கு டான்ஸில் முதல் வரிசை. வீட்டில், கிணற்றடியில், ஆட்டுக் கொட்டிலில் எங்கே நின்றாலும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஆடிக்கொண்டிருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று லான்யிங்கும் மான்சாங்கும் பேசி வைத்திருந்தார்கள். இந்த மலையில் வேலைக்குப் போகிற தாய் தகப்பன் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். பிள்ளை தூங்கும்போது போவார்கள், இல்லாவிட்டால் ஏதாவது வாங்கிவரக் கடைக்கு அனுப்பிவிட்டுப் போவார்கள். பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு கதறினால் எந்தப் பாவி வண்டியில் ஏற முடியும்?

"எப்படியும் டீச்சருக்காக அழுகிற அழுகையில நான் போனது அவளுக்குத் தெரியவே போறதில்ல" என்றாள் லான்யிங்.

"ஏன்டி இப்படிப் பேசற?" என்றான் மான்சாங்.

இதற்கிடையில் ஷென் டீச்சர் வீட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு தடவை போய்ப் பேசுவார்களாம். புளித்த கீரைத் தண்ணீரில் மிதக்கும் நூடுல்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். "ரொம்ப நல்லாருக்கு அக்கா" என்று பொய் சொன்னாள். அதோடு விட்டிருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். போகும்போது லான்யிங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நிங்நிங் ரொம்ப மென்மையான பொண்ணு. இந்த வயசுல அம்மா பக்கத்துல இருந்தா நல்லது. முடியலன்னா வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வீடியோல பேசுங்க. மனசு விட்டுப் பேசுங்க."

லான்யிங் "சரிங்க டீச்சர்" என்றாள். உள்ளே வந்ததும் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"பாத்தீங்களா? பால் மணம் மாறாத குட்டி, எனக்குப் பிள்ளை வளக்கச் சொல்லித் தர்றா! மனசு விட்டுப் பேசணுமாம். ஆலையில மெஷின் போடற சத்தத்துல என் மனசு எனக்கே கேக்கல."

"நல்லதுக்குத்தானே சொல்லிச்சு."

"உங்களுக்கு அவ என்ன சொன்னாலும் நல்லதுதான்."

அந்தக் கோபத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கோபத்தில் வருகிற யோசனை எந்த லட்சணத்தில் இருக்குமோ அந்த லட்சணத்தில்தான் இருந்தது. மறுநாள் காலையிலேயே மாவைப் பிசைந்தாள். ஆட்டுக்கறியைக் கொத்தினாள், பூண்டுத்தாளை அரிந்தாள். மான்சாங் எட்டிப் பார்த்துத் திகைத்தான்.

"என்னடி, கொழுக்கட்டையா? யாரு கிளம்புறா?"

"உங்க தங்கமான பொண்ணுக்குத்தான். மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்."

"ஏய், அவங்க போக இன்னும் ஒரு வாரம் இருக்கு! வந்தவங்களுக்கு நூடுல்ஸ், கிளம்புறவங்களுக்குக் கொழுக்கட்டை. ஊருக்கே தெரியும். இப்பவே பொங்கிப் போட்டா, 'மூட்டையைக் கட்டு'ன்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

"ஆகட்டுமே. கடற்கரைக்காரிக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

ஊர்க்காரர்களுக்கு என்றால் குய்ஹுவாவுக்கு. அவளையும் கூப்பிட்டிருந்தாள். குய்ஹுவா வந்து, தட்டில் வரிசையாக அடுக்கியிருந்த கொழுக்கட்டையைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அடிப்பாவி, பெரிய ஆளுடி நீ!" என்றாள்.

ஷென் டீச்சர் வந்தாள். ஒன்றும் அறியாத பெண் கொழுக்கட்டையைக் கண்டதும் கையைத் தட்டிக் குதித்தது. "எனக்கே எனக்கா அக்கா? எங்கம்மாகூட இவ்வளவு அழகா மடிக்க மாட்டாங்க!" என்று அடுப்படியில் வந்து தானும் ஒன்றை மடித்துப் பார்த்தது. அது பிளந்துகொண்டது. லான்யிங் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. குத்தியவளுக்குக் கத்தி மொண்ணையாகத் தெரிந்தது.

அப்போதுதான் நிங்நிங் ஆட்டை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள். தட்டைப் பார்த்தாள், கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் சுண்டிப் போயிற்று.

லான்யிங் அதைக் கவனித்தாள். 'டீச்சர் கிளம்பப் போகிறாள் என்று பதறுகிறது பார்' என்று நினைத்துக்கொண்டாள். 

"என்ன வாயைப் பாத்துக்கிட்டு நிக்கற? வினிகர் தீந்துபோச்சு. இந்தா பாட்டில், கடைக்கு ஓடிப்போய் நிரப்பிக்கிட்டு வா."

நிங்நிங் அசையவில்லை.

"காது கேக்கலயா?"

"நான் வாங்கிட்டு வரேன் அக்கா" என்று ஷென் எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க டீச்சர். எம்பிள்ளை நான் சொன்னா செய்யும்."

நிங்நிங் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். உள்ளறைப் பக்கமாகப் போனாள். கொழுக்கட்டை வெந்தது, முதல் தட்டு காலியாயிற்று, இரண்டாவது தட்டும் வந்தது, வினிகர் வரவில்லை. மிளகாய் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். குய்ஹுவா போதும் போதும் என்று தின்றுவிட்டுக் கிளம்பினாள். கிளம்பியவள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூவினாள்.

"ஏ லான்யிங்கு! உம்மக உன் கட்டம்போட்ட பெரிய பையை இழுத்துக்கிட்டு இறக்கத்துல போச்சாமே! எம்மக பாத்துச்சாம். எங்கடி அனுப்பினே?"

லான்யிங் உள்ளறைக்கு ஓடினாள். பையைக் காணோம். பைக்குள் இருந்த அவள் துணிமணி மட்டும் படுக்கைமேல் குவிந்து கிடந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று, அதாவது விளங்கிப்போயிற்று என்று நினைத்தாள். டீச்சர் கிளம்பப் போகிறாள் என்று கொழுக்கட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவளோடு நிங்போவுக்குப் போக மூட்டை கட்டிவிட்டது பிள்ளை. தாயுடைய பையையே எடுத்துக்கொண்டு!

"உங்களாலதான் டீச்சர்!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். "நீங்க மயக்கி வச்ச வேலைதான்! எல்லாருக்கும் ஒரு கோடை வந்து கொஞ்சிட்டுப் போறது சுலபம்!"

ஷென் கையில் பிடித்த கொழுக்கட்டையோடு வெலவெலத்து நின்றாள். மான்சாங் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். லான்யிங் யாரையும் பார்க்கவில்லை. மாவு அப்பிய கையோடு, மஞ்சள் மண் புழுதி பறக்க, கீழே ஓடினாள். பிடித்ததும் முதலில் ஒரு அறை, மற்றதெல்லாம் பிறகுதான் என்று ஓடினாள்.

கடையும் வேன் நிற்கிற இடமும் இறக்கத்தின் அடியில் ஒன்றாக இருக்கின்றன. கடைச் சுவர் திருப்பத்துக்கு வந்தபோது நிங்நிங்கின் குரல் கேட்டது. லான்யிங் மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேனோட்டி கெங், வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலிப் பையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் பெண். மடியில் காலி பாட்டில்.

"மாமா, எங்கம்மாவை உனக்குத் தெரியும்ல?"

"தெரியாம? நான்தானே அன்னிக்குக் கொண்டாந்து இறக்கினேன்."

"இப்ப வருவாங்க. ஏத்தாதே."

"இதென்னடா வம்பு! வர்ற சவாரியை ஏத்தலன்னா என் பொழைப்பு என்னாகும் தாயி?"

"ஏத்தினா உன் வண்டி டயர் நாலுலயும் காத்தைப் பிடுங்கிடுவேன். நெஜமாத்தான் சொல்றேன்."

"அடி ஆத்தி! செய்வே, செய்வே. உங்கம்மா போறான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. சொல்லாமத்தான் போவாங்க. கொழுக்கட்டை பண்ணிட்டாங்க. என்னை வினிகருக்கு அனுப்பிட்டாங்க. போன தடவையும் கொழுக்கட்டைதான், வினிகர்தான். நான் பாட்டிலை நிரப்பிக்கிட்டுத் திரும்பினப்ப உன் வண்டி அந்த மேட்டுல போயிடுச்சு. நான் கத்தினேன், நீ நிறுத்தல."

கெங் துடைப்பதை நிறுத்தினான். "எனக்குக் கேக்கலம்மா" என்றான். பிறகு, "கொழுக்கட்டை டீச்சருக்காமே? குய்ஹுவா மக சொன்னாளே" என்றான்.

"டீச்சர் செவ்வாய்க்கிழமைதான் போவாங்க. வந்த அன்னிக்கே எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. டீச்சருக்கெல்லாம் பயப்பட வேண்டாம்."

அறையத் தூக்கி வந்த கை எப்போது கீழே இறங்கியது என்று லான்யிங்குக்குத் தெரியாது. பொறாமைக்கு வெட்கமே கிடையாது. முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். டீச்சருக்காக இல்லை, எனக்காக, எனக்காக என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் அந்தப் பிள்ளை பாட்டிலோடு நின்று மேட்டைப் பார்த்துக் கத்தியது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சுவரைத் தாண்டிப் போய்ப் பிள்ளை முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நிங்நிங் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"போறியா?"

"இல்லடி கண்ணு. இன்னிக்குப் போகல."

"அப்ப என்னிக்கு?"

எங்கேயும் போகலடி, சீக்கிரம் வந்துடுவேன்டி, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தா அம்மா வந்துடுவேன்டி என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய நாக்கு அவளுக்கு. அவை எல்லாம் இப்போதும் வாய்க்கு வந்து முட்டி நின்றன. கெங் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"செவ்வாய்க்கிழமை" என்றாள் லான்யிங். "காலையில பத்து மணி வண்டி."

நிங்நிங் விரல் விட்டு நாளை எண்ணினாள்.

"அன்னிக்குத்தான் டான்ஸ்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

லான்யிங் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்? பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால், அடித்திருந்தால் நன்றாயிருக்கும்.

"அப்ப நான் டான்ஸுக்குப் போகல" என்றாள் நிங்நிங்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கோடை முழுக்க லான்யிங் வெந்துகொண்டிருந்தாள். ஜெயித்தாயிற்று. வாயெல்லாம் கசந்தது.

"இல்லடி, நீ போய் ஆடணும். முதல் வரிசைப் பொண்ணு இல்லன்னா டீச்சருக்கு அழுகை வந்துடும். அவங்க பாவம்டி, நான் அவங்களைக் கண்டபடி கத்திட்டு வந்திருக்கேன்."

"டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கறேன். அவங்களுக்குப் புரியும்." நிங்நிங் எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "நீ வண்டியில ஏறும்போது நான் இங்க நிக்கணும். நான் பாக்கறப்பவே ஏறணும். சரியா?"

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

கடைக்காரர் பாட்டிலில் வினிகரை நிரப்பிக் கொடுத்தார். லான்யிங் ஒரு கையில் பையை எடுத்துக்கொண்டு மறு கையைப் பிள்ளைக்கு நீட்டினாள். நிங்நிங் அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை.

"நீ முன்னாடி நட" என்றாள். "நான் பின்னாடி வரேன்."

லான்யிங் முன்னால் நடந்தாள். ஏற்றம் முழுக்கத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. பார்க்கவில்லை. பின்னால் பிள்ளையின் காலடி வந்துகொண்டிருந்தது.